பீட்சா கடை, பர்கர் கடை, சட்டம்: குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் பல வருஷமாக நுகர்வோர் புகார் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் வக்கீல் இல்லை. முன்பெல்லாம் கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், வாங்கி ஒரு மாதத்தில் நின்றுபோன மிக்ஸி என்றுதான் வருவார்கள். இப்போது பெரிய கம்பெனி பீட்சா, பர்கர், பொரித்த கோழி பற்றியே அதிகம் கேட்கிறார்கள். குளச்சலில் இருந்தும் குலசேகரத்தில் இருந்தும் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடை மார்த்தாண்டத்தில், பெயர் அமெரிக்காவில், பில்லில் மூன்றாவதாக ஒரு பெயர். நான் யார் மேல் புகார் சொல்வது?

முதலில் பில்லில் இருக்கும் பெயர் மேல். பலகையில் தெரியும் பெயர் பெரும்பாலும் உரிமம் வாங்கிப் பயன்படுத்துகிற பெயர்தான். இந்தியாவில் டோமினோஸ் கடைகளை நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். தெற்கிலும் மேற்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்துவது ஹார்ட்காசில் ரெஸ்டாரன்ட்ஸ். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டி போகும். அடுப்படியும் ஆட்களும் இங்கிருக்கும் கம்பெனியின் பொறுப்பு.

பில்லின் அடியில் 14 இலக்கத்தில் ஒரு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) எண் இருக்கும். 2022 ஜனவரி 1 முதல் உணவு விற்கும் பில்லில் அது கட்டாயம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற நிறுவனம், 2 என்றால் பதிவு மட்டும் செய்த சிறு கடை. அந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடினால் கடையை நடத்துவது யார் என்று தெரிந்துவிடும். ஆப் வழியாக வாங்கியிருந்தால் ஆப் கம்பெனியையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் விட்டால், கடை ஆப்பைக் கைகாட்டும், ஆப் கடையைக் கைகாட்டும்.

சாப்பாடு கெட்டுப்போய் இருக்கிறது, வேகவில்லை, உள்ளே ஏதோ கிடக்கிறது. அந்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும்?

எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கை மகள் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய கம்பெனிக் கடையில் பொரித்த கோழி ஒரு பக்கெட் வாங்கினோம். பிள்ளை இரண்டு துண்டு தின்றுவிட்டது. மூன்றாவதாகத் தொடைத்துண்டைப் பிய்த்தபோது மேல் மாவு பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்க, எலும்போரத்துச் சதை பச்சையாக, வழவழவென்று விரலில் ஒட்டியது. கவுண்டரில் நின்ற பையன் பதறிப்போய் 'சாரி சார், மாத்தித் தாறோம்' என்று பக்கெட்டையும் பில்லையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில் புதுப் பக்கெட் வந்தது. ராத்திரி 2 மணிக்குப் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கியது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஊருக்கெல்லாம் மனு எழுதிய என் கையில் அன்றைக்குத் துண்டும் இல்லை, பில்லும் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனான் என்று நான் நினைக்கவில்லை. மாற்றிக் கொடுக்கத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மாற்றிக் கொடுத்ததோடு சாட்சியம் போய்விட்டது.

அதனால் முதலில் பில்லையும் உணவையும் சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுங்கள். கடையின் பெயர் தெரிய இன்னொன்று. மீதியை அந்தக் கடையின் டப்பாவிலேயே மூடி ஃப்ரீசரில் வையுங்கள். பணம் கொடுத்தது ஜிபேயில் என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் சாட்சியம்தான். உடம்புக்கு முடியாமல் டாக்டரிடம் போனால், எத்தனை மணிக்கு எங்கே எதைச் சாப்பிட்டீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'வயிற்றுக் கோளாறு' என்று மட்டும் எழுதியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது.

அப்புறம் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோவோடு அனுப்பலாம். அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் அதை நாலாகப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று பகுப்பாய்வுக்கு, மற்றவை மேல்முறையீடு வந்தால் மறுசோதனைக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. வாங்கிய நாமே பணம் கட்டிச் சோதிக்கவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் வாங்கும்போதே 'சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. பசிக்கு வாங்குகிறவர் யார் அப்படிச் சொல்வார்? அதிகாரியை வரவழைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

உணவுப் பாதுகாப்புத் துறை, நுகர்வோர் ஆணையம், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒன்று தண்டிப்பது, மற்றது நமக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகலாம்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, தரக்குறைவான உணவு, தவறான லேபிள் போன்ற குற்றங்களை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் போடுவார். உயிருக்கோ உடம்புக்கோ கேடான உணவு என்றால் குற்றவியல் நீதிமன்றம். ஒருவர் இறந்துபோனால் 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறையும், 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் 59ஆம் பிரிவில் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ஈடு தர வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு, பல கிளைகள் உள்ள கம்பெனி ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தக் கிளையில் தப்பு நடந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேலே இருக்கும் இயக்குநர்களைக் குற்றவாளியாக்க, அவர்களுடைய சம்மதமோ அலட்சியமோ இருந்தது என்று காட்ட வேண்டும். படிப்பை முடித்துவிட்டு இருபதாயிரம் சம்பளத்துக்கு ஷிஃப்ட் பார்க்கிற நம்ம ஊர்ப் பையன் ஒருவன் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான். என்னவென்று தெரிந்து போட்டானா என்பது எனக்குக் கவலையான விஷயம். மக்களே, மேனேஜர் வேலைக்குச் சேரும்போது நீட்டுகிற எந்தக் காகிதத்தையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.

கம்பெனி நொய்டாவில் இருக்கிறது. ஆப்பில் 'வழக்கு பெங்களூரில் மட்டும்' என்று போட்டிருக்கிறது. கருங்கல்லில் இருக்கிற நான் என்ன செய்ய?

நாகர்கோவில் வந்தால் போதும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது அதன் 34ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. நம்மைப்போல் நாட்டின் தெற்கு நுனியில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தச் சட்டமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

தகராறு வந்தால் மத்தியஸ்தருக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமானக் கம்பெனியின் வழக்கில் இதை உறுதி செய்துவிட்டது.

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஒரு பர்கருக்கு அது தாராளம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். மேல்முறையீடு என்றால் மாநில ஆணையத்துக்கு. அதற்கு மதுரையிலும் ஒரு அமர்வு இருக்கிறது.

மூன்று மாதத்தில், சோதனைக்கூட அறிக்கை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடத்தான் ஆகும். வாய்தாவுக்கு வாய்தா அலைய மனம் இல்லாதவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். பணம் திரும்ப வேண்டும் என்கிற சின்னப் புகார்கள் பல அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் ஒரு பாட்டி காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு கோடி கோடியாக வாங்கினாராமே? வழக்குப் போடுவது என்றாலே அப்படி ஒரு வேடிக்கைதானா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அந்த அம்மாவை உலகமே கேலி செய்தது. நடந்ததைக் கேளுங்கள்.

1992 பிப்ரவரி. நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரம். 79 வயது அம்மா, பேரன் ஓட்டி வந்த காரில் பக்கத்து சீட்டில் இருந்தார். மெக்டொனால்ட்ஸில் 49 சென்ட் காபி வாங்கினார்கள். காரை நிறுத்திய பிறகு, சர்க்கரை போடுவதற்காகக் கப்பை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். காபி மடியில் கொட்டியது. துணி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டதால் தொடையிலும் இடுப்பிலும் மூன்றாம் நிலைத் தீக்காயம். எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டுச் சிகிச்சை. கம்பெனி விதிப்படி அந்தக் காபி 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சூட்டுக்குத் தோலின் அடிவரை வேக சில விநாடி போதும்.

அவர் முதலில் கேட்டது மருத்துவச் செலவையும் சேர்த்து 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800 டாலர். அதற்குப் பிறகுதான் வழக்கு. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் அதே மாதிரி 700-க்கு மேற்பட்ட சூட்டுக்காயப் புகார்கள் கம்பெனிக்கு வந்திருந்தது விசாரணையில் வெளியே வந்தது. ஜூரர்கள், அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களில் இருந்து எடுத்தவர்கள், கோபப்பட்டது அதற்குத்தான். 1994-இல் 2 லட்சம் டாலர் ஈடு என்று சொல்லி, 20 சதவீதத் தவறு அம்மாவுடையது என்று 1,60,000 ஆகக் குறைத்தார்கள். அதோடு தண்டனைத் தொகை 27 லட்சம் டாலர். நீதிபதி அந்தத் தண்டனைத் தொகையை 4,80,000 ஆக வெட்டினார். கடைசியில் இரு தரப்பும் வெளியில் பேசித் தொகையைச் சொல்லாமல் முடித்துக்கொண்டார்கள். பேப்பரில் வந்த கோடிகளை அவர் பார்க்கவே இல்லை.

நம் ஆணையத்துக்கு வரும்போதும் இதை நினைவில் வையுங்கள். 'எனக்கு ஒரு தடவை நடந்தது' என்பதைவிட 'இவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது' என்று காட்ட முடிந்தால் வழக்கின் பலமே வேறு. அதனால்தான் உங்கள் புகார் சின்னதாக இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள் என்கிறேன். அடுத்தவருக்கு அது ஆதாரமாகும்.

உணவு நஞ்சாகி ஆட்கள் இறந்த வழக்குகளில் பெரிய கம்பெனிகளுக்கு என்ன ஆயிற்று?

1993-இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரால் 700-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ-கோலை என்ற கிருமி. வாஷிங்டன் மாநில விதி இறைச்சியின் உள்ளே 68 டிகிரி வரை வேக வேண்டும் என்றது. கம்பெனி 60 டிகிரியில் நிறுத்திக்கொண்டிருந்தது. எட்டு டிகிரி வித்தியாசம். அதற்குப் பிறகு 1994-இல் அந்தக் கிருமி இருந்தாலே அரைத்த மாட்டிறைச்சி கலப்படம் என்று அந்த நாட்டு அரசு அறிவித்தது. 2020-இல் சிப்போட்லே என்ற அமெரிக்க உணவகக் கம்பெனி, 2015 முதல் 2018 வரை 1,100 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்ட சம்பவங்களுக்காக 2.5 கோடி டாலர் குற்ற அபராதம் கட்டச் சம்மதித்தது.

நம் பக்கத்தில் நடந்தவை சின்னக் கடைகளில். 2022 மே மாதம் காசர்கோட்டில் 16 வயதுப் பெண், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுப் பெண், இருவரும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். பெயர் பெரிதோ சிறிதோ, கோழி வேக வேண்டிய சூடு ஒன்றுதான்.

களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் மயோனைஸ் கூடாது, இந்தப்பக்கம் கூடும் என்றார்களே?

ரெண்டு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு என்று தடை கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் பாறசாலைக் கடைக்காரருக்குக் குற்றமாக இருந்தது, எல்லை தாண்டி இந்தப்பக்கம் குழித்துறைக் கடைக்காரருக்குக் குற்றமில்லை. சால்மோனெல்லா கிருமி செக்போஸ்டில் நின்று திரும்பிப் போகுமா? பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் ஆலையில் தயாரான மயோனைஸை வாங்குவதால் இந்தத் தடை அவர்களை அதிகம் தொடவில்லை. அடித்தது தெருவோரக் கடைகளைத்தான்.

அப்படியானால் சட்டம் சின்னக் கடைக்காரரைத்தான் பிடிக்கிறது, பெரியவர்களை விட்டுவிடுகிறது, சரிதானே?

பாதி சரி. சின்னக் கடையில் ரெய்டு போனால் அன்றைக்கே பூட்டு விழும். பெரிய கம்பெனி மறுநாளே வக்கீலோடு உயர் நீதிமன்றத்தில் நிற்கும். இந்த வித்தியாசம் எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் பெரியவர்களுக்கு மட்டுமேயான விதிகளும் இருக்கின்றன. பொரிக்கிற எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் எண்ணெயில் சேருகிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது 2018 ஜூலை முதல் எல்லாருக்கும் பொது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள், கழித்த எண்ணெயை யாரிடம் கொடுத்தார்கள் என்று பதிவேடு வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பெரிய கடை கழித்த கறுத்த எண்ணெய் பீப்பாயில் ஏறி, ராத்திரிக் கடையின் ஏத்தங்காய் பஜ்ஜிச் சட்டிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. அதிகாரிகள் அந்தப் பதிவேட்டைத் தவறாமல் கேட்டாலே பாதி நோய் குறையும் என்று நம்புகிறேன். 10 கிளையோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று காட்ட வேண்டும் என்பதும் 2022 ஜூலை முதல் கட்டாயம். போர்டில் இல்லையென்றால் கேளுங்கள்.

நாங்கள் சைவம். பொரித்த உருளைக்கிழங்கில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அது அமெரிக்கச் செய்தி, அங்கே உண்மை. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் 'இனி முழுக்கத் தாவர எண்ணெய்தான்' என்று அறிவித்தது. ஆனால் உருளைக்கிழங்கில் சேர்க்கும் வாசனைப் பொருளில் மாட்டிறைச்சிச் சாரம் இருந்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2001-இல் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியக் கடைகளில் அது சேர்ப்பதில்லை என்று கம்பெனி அப்போதே சொன்னது.

நம் மாவட்டத்தில் மாட்டிறைச்சி பிரியமாகத் தின்கிறவர் வீடும் அதைத் தொடாதவர் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருவர் பண்டிகைக்கு இன்னொருவர் வீட்டுப் பலகாரம் போகிறது. எது எதில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இங்கே சண்டையே இல்லை. அந்த வழக்கின் சாரமும் அதுதான்: மறைத்ததுதான் குற்றம். பாக்கெட் உணவில் பச்சைப் புள்ளி சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம்.

சர்வீஸ் சார்ஜ், தண்ணீர் பாட்டில் விலை, ஜிஎஸ்டி... எதைக் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்?

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் நம் ஆட்கள் பலர் கடையில் சண்டை போட்டுத் தோற்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் சட்டம் அதுதான். பெட்டிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

ஜிஎஸ்டி கதை பெரிது. 2017 நவம்பர் 15-இல் உணவகங்களுக்கான வரி 18-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே வேளையில் சில கம்பெனிகள் பண்டத்தின் அடிப்படை விலையை ஏற்றிவிட்டன; பில்லின் மொத்தம் அப்படியே நின்றது. வரிக் குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்று டோமினோஸ் நடத்தும் ஜூபிலன்டுக்கு 41.42 கோடி ரூபாய், மெக்டொனால்ட்ஸ் நடத்தும் ஹார்ட்காசிலுக்கு 7.49 கோடி ரூபாய் என்று கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் கணக்கிட்டு உத்தரவு போட்டது. இந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று பல கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. செல்லும் என்று 2024 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இந்தக் கணக்குகள் தொடங்கியது, முந்தின வாரப் பில்லையும் அடுத்த வாரப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாதாரண வாடிக்கையாளர் புகார்களில் இருந்து.

'மெக்' என்று தொடங்கும் பெயரில் மார்த்தாண்டத்தில் நான் ஒரு கடை போட்டால் பிடிப்பார்களா?

வழக்குப் போட வாய்ப்பு உண்டு. ஜெயிப்பார்களா என்பது வேறு. கோலாலம்பூரில் மீன்தலைக் கறியும் ரொட்டியும் விற்ற 'மெக்கறி' என்ற கடைமீது மெக்டொனால்ட்ஸ் 2001-இல் வழக்குப் போட்டது. மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர் என்றார் கடைக்காரர். 2006-இல் கம்பெனி ஜெயித்தது, 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டில் தோற்றது, செப்டம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. எட்டு வருஷம் அந்தச் சின்னக் கடை தாக்குப்பிடித்தது. புனேயில் 1992 முதல் 'பர்கர் கிங்' என்று நடக்கும் கடைக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கும் 2011-இல் தொடங்கிய வழக்கில், 2024 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு போனது.

எட்டு, பத்து வருஷம் வழக்குச் செலவு தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, உங்கள் சொந்தப் பெயரில் ஒரு பலகை வைத்து அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது எவ்வளவோ நிம்மதி.

வளைகுடாவில் சம்பாதித்த பணம் இருக்கிறது. பெரிய கம்பெனி ஃபிரான்சைஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒப்பந்தத்தை ஒரு வக்கீல் வாசித்த பிறகு. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் போட்ட கையெழுத்தும்தான் பேசும். டெல்லியில் விக்ரம் பக்ஷி 1995 முதல் மெக்டொனால்ட்ஸோடு பாதிக்குப் பாதி கூட்டு. 2013-இல் நிர்வாகப் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டார். சண்டை கம்பெனித் தீர்ப்பாயம் வரை போய், 2017 ஜூனில் டெல்லியில் 43 கடைகள் ஒரே வீச்சில் மூடின. ஆகஸ்டில் 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்வதாக அறிவிப்பு. 2019 மே மாதத்தில்தான் சமரசம். இருபது வருஷக் கூட்டாளிக்கே இந்த நிலை.

முக்கியமாக மூன்றைப் பாருங்கள்: உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடைக்கு அனுமதி கொடுக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறதா, ஒப்பந்தம் முறிந்தால் கட்டடத்தின் மீதி வாடகையை யார் கட்டுவது, மத்தியஸ்தம் எந்த ஊரில். இணையத்தில் 'ஃபிரான்சைஸ் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று வருவதில் போலி நிறைய. கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பையன் காலேஜ் முடிந்து சாயங்காலம் பீட்சா டெலிவரிக்குப் போகிறான். விபத்து நடந்தால்?

அமெரிக்காவில் டோமினோஸ் '30 நிமிஷத்தில் வராவிட்டால்' என்ற வாக்குறுதியை 1993-இல் கைவிட்டதற்குக் காரணம் ஒரு விபத்து வழக்கு. செயின்ட் லூயிஸில் டெலிவரி வண்டி மோதிக் காயப்பட்ட பெண்ணுக்கு ஜூரி சுமார் 7.9 கோடி டாலர் தரச் சொன்னது. அவசரப்படுத்தியது கம்பெனி என்று அவர்கள் பார்த்தார்கள்.

இங்கே, பையன் கம்பெனியின் ஊழியரா, ஆப்பின் 'பார்ட்னரா' என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஊழியர் என்றால், மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) அட்டை இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆப் வேலையாட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி நல வாரியம் அமைத்திருக்கிறது, அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடைக்குள் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: 2021 முதல் நம் மாநிலத்தில் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தருவது சட்டக் கட்டாயம்.

ஃபேஸ்புக்கில் அந்தக் கடையைப் பற்றி எழுதினால் மானநஷ்ட வழக்கு போடுவார்களா?

போடலாம். லண்டனில் மெக்டொனால்ட்ஸைக் குற்றம் சாட்டும் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காக ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்ற இருவர்மேல் கம்பெனி வழக்குப் போட்டது. அவர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லை, தாங்களே வாதாடினார்கள். 313 நாள் விசாரணை. 1997-இல் வந்த தீர்ப்பு அவர்களை 60,000 பவுண்டு கட்டச் சொன்னது. ஆனால் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வது உள்பட அவர்கள் சொன்னவற்றில் சில உண்மை என்றும் நீதிபதியே எழுதினார். 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இலவச சட்ட உதவி தராமல் இவ்வளவு பெரிய கம்பெனியோடு அவர்களை மோதவிட்டது நியாயமான விசாரணை ஆகாது என்று பிரிட்டன் அரசைக் கண்டித்தது.

நம் நாட்டில் மானநஷ்டத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு. பொது நன்மைக்காக உண்மையைச் சொன்னால் குற்றமில்லை என்று அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, கடை, என்ன வாங்கினீர்கள், என்ன இருந்தது, கடையில் என்ன சொன்னார்கள். 'நாய்க்கறி போடுகிறான்', 'எல்லாரும் திருடர்கள்' என்று எழுதினால் உங்கள் நியாயமான புகாரும் அதோடு சேர்ந்து பாழாகும்.

எத்தனை நாளைக்குள் புகார் கொடுக்க வேண்டும்?

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுவாக ஒரு வருஷம். ஆனால் உணவு ஒரு வருஷம் காத்திருக்காது, கடைத் தாளில் அச்சிட்ட பில்லின் மையும் ஆறு மாதத்தில் வெளுத்துப் போகும். வீட்டுக்கு வந்ததும் பில்லை ஜெராக்ஸ் எடுத்து, பின்னால் தேதியும் உடன் இருந்தவர் பெயரும் எழுதி வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் அந்த ஜெராக்ஸோடு வாருங்கள், உட்கார்ந்து எழுதலாம்.